காட்டின் அடுக்குகளும் பறவைகளின் இரையும்

காட்டைப் பல மாடிகளையுடைய மாளிகைக்கு ஒப்பிடலாம். நம் நாட்டின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜ வனத்திலே உயர்மரங்களின் முடி, அதன்கீழ் இடைமரங்கள், அவற்றின்கீழ்ப் புதர்கள், நிலத்திலே சருகு என அடுக்குகள் அமைந்துள்ளன. பூச்சியுண்ணும் பறவைகள் இவற்றைத் தம்முட் பங்கிட்டுக்கொள்கின்றன.

செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள் கூட்டமாய் இலைகளைத் துருவிச் செல்லும். அப்போது வெருண்டெழும் பூச்சிகளைக் கொண்டைக் கரிக்குருவி பாய்ந்து பற்றும். முன்னதற்கு இலைச்செறிவு வேண்டும். பின்னதற்குப் பறந்து மீள வெளி வேண்டும். மரங்கொத்திக்கோ புழுவுறையும் பட்டையும் உளுத்த மரமும் வேண்டும்.

அமெரிக்க வனங்களை ஆராய்ந்த ரொபேட் மக்ஆதரும் ஜோன் மக்ஆதரும் 1961 ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர்: ஓரிடத்துப் பறவையினங்களின் பன்மையை அறிவதற்கு மரவினங்களின் பன்மையினும் இலையடுக்குகளின் பன்மையே சிறந்த அளவுகோலாகும்.

ஆதலின், பெருமரங்களை நிற்கவிட்டுக் கீழ்ப்புதரை மட்டும் களைந்தாலும் நாம் ஒரு மாடியை இடித்தவர்களாவோம். ஆங்கு இரைதேடிய பறவை மேல்மாடிக்கு எளிதிற் குடிபெயராது. அதன் அலகும் காலும் சிறகும் பழகிய தொழில் வேறு. ஒரே வயதுப் பைன் மரங்களை வரிசையாய் நட்ட தோட்டமும் தூரத்திற் பசுங்காடாய்த் தோன்றும். அடுக்கிலோ அது வறியது. மரம் நடப் புகும் மாணவர்காள், எண்ணிக்கையோடு அடுக்கையும் எண்ணுமின்!