அஜந்தாவிலிருந்து ஓடி வந்த மான்

1957இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனிலிருந்து 'த பேனியன் டீர்' என்றொரு வண்ணக் குறும்படம் வந்தது. சினையாக இருக்கும் மானுக்குப் பதிலாகத் தன் தலையைக் கொடுக்க முன்வரும் மான் அரசனின் கதை. புத்த ஜாதகக் கதைகளில் ஒன்று. மான்கள் எல்லாம் கையால் வரைந்தவை.

அங்கே அனிமேஷன் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் க்ளேர் வீக்ஸ். அமெரிக்க மிஷனரித் தம்பதிக்கு இந்தியாவில் பிறந்தவர். டிஸ்னி ஸ்டுடியோவில் 'பாம்பி' போன்ற படங்களில் வேலை பார்த்தவர். அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தில் 1956இல் பம்பாய் வந்தார். அவரிடம் பழகிய இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழக வேதியியல் பட்டதாரி.

திரையில் நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும். 1914இல் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரை நடமாட விட்டபோது, பின்னணிப் பாறையைக்கூடத் தாளுக்குத் தாள் வரைய வேண்டியிருந்தது. அதற்கென்றே ஓர் உதவியாளர் உட்கார்ந்திருந்தார். செல்லுலாய்டு தாள் வந்தபின் அந்தப் பாடு ஒழிந்தது. காடு ஒரே ஓவியமாக அடியில் கிடக்கும். மேலே மான் மட்டும் மாறும். தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். ஓரத்துத் துளைகளை மேசை முளைகளில் மாட்டுவார்கள். துளை மயிரிழை தளர்ந்தாலும் திரையில் மான் நடுங்கும்.

பாம்பிக்காக டிஸ்னியில் உயிருள்ள மான்களையே ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்து வரைந்தார்கள். பம்பாய் ஓவியர்கள் அஜந்தாச் சுவர்களிடம் போனார்கள். படத்தின் அழகே அங்கேதான் இருக்கிறது. அஜந்தாவில் உடலின் திரட்சியைக் கோடே காட்டிவிடும். அந்தக் கோட்டை அசைய வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கழுத்து திரும்பும்போது ஓவியத்துக்கு ஓவியம் கோடு தடித்தும் மெலிந்தும் போனால், திரையில் புழுவாக நெளியும்.

இன்று சென்னை முகப்பேரில் டேப்லெட்டில் அனிமேஷன் பழகும் பிள்ளைக்கு முந்தைய ஓவியம் அடியில் மங்கலாகத் தெரிகிறது. அன்று அந்த வேலையைச் செய்தது அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகை. மற்றபடி கண்ணும் கையும் செய்ய வேண்டியது மாறவில்லை.

பம்பாயில் பழகிய கை பிறகு ஜப்பானியரோடும் சேர்ந்தது. யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து 1992இல் முடித்த ராமாயண அனிமேஷன் படம், 2025 ஜனவரியில் தமிழ் பேசிக்கொண்டு திரையரங்குகளுக்கு வந்தது.