ஒடுங்கிய கொட்டிலில் விறகுப் பெட்டி தூக்கும் பொறி

நெல் அவிப்பதற்கு வேண்டிய விறகைச் சட்டப்பெட்டிகளில் அடுக்கினால் காற்றுப் புகுந்து விரைவிற் காயும். ஆயின், அப்பெட்டியைத் தூக்குவதே பெரும்பாடு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றராயுள்ள பெட்டியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே மரம். எஞ்சியது வெறும் இடைவெளி. அவ்வாறிருந்தும் பச்சை வன்மர விறகு 650 கிலோகிராம் அளவில் நிறுக்கும். காய்ந்தபின் 450 அளவில் நிற்கும். பச்சை நிறைக்கு ஏற்பவே பொறியைத் தெரிதல் வேண்டும்.

கவையுள்ள பாரந்தூக்கியின் தகட்டில் பாரத்துடன் ஒரு தூரமும் குறிக்கப்பட்டிருக்கும். அது கவையின் அடியிலிருந்து பாரத்தின் நடுவரையுள்ள தூரமாகும். மேற்கூறிய பெட்டியின் நடு 50 சதமமீற்றர் தள்ளி நிற்கும். தகட்டில் 40 எனக் கண்டால், அங்கு எழுதிய முழுப் பாரத்தையும் ஏற்றலாகாது. ஏற்றினால் பின்சில்லுகள் கிளம்பிப் பொறி முன்னே கவிழும். பலர் பாரத்தை வாசித்துவிட்டுத் தூரத்தை வாசியாது விடுகின்றனர். எஞ்சினுள்ள பொறியாயின், அடைத்த கொட்டிலில் அதன் புகை உயிருக்கே ஊறு செய்யும்.

கையால் தள்ளும் தூக்கி சிறிய இடத்திலே திரும்பும். ஆனால் அதன் சிறு சில்லுகள் மண்தரையிற் புதையும். சீமெந்துத் தரை உள்ளோர்க்கே அது உதவும்.

மண்தரைக் கொட்டிலுக்கு, நாலுகால் இரும்புச் சட்டத்தில் தொங்கவிடும் ஒரு தொன் சங்கிலிக் கப்பியே ஏற்றது. ஒருவரே அதை இயக்கலாம். சங்கிலியைக் கைவிட்டாலும் பாரம் இறங்காதபடி அதனுள்ளே தடுப்பு உண்டு; வெறுங் கயிற்றுக் கப்பிக்கு அது இல்லை. கூரை வளையில் கப்பியைக் கட்டலாகாது. ஓட்டைத் தாங்கும் வளை அரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தையும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. சட்டத்தின் கால்களுக்குக் கீழே தடித்த பலகை இடுக.