மழை அங்கே, வெள்ளம் இங்கே



பெரியகுளத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும். கும்பக்கரை அருவியிலோ வெள்ளம் என்று வனத்துறையார் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். "இங்கே ஒரு தூத்தல்கூட இல்லையே, தண்ணி எப்படிய்யா வந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

கும்பக்கரைக்கு வருவது பாம்பாறு. பிறப்பு கொடைக்கானல் மலையில். கொடைக்கானலின் உயரம் சுமார் 7,000 அடி. பெரியகுளம் 1,000 அடிக்கும் கீழே. நேர்கோட்டில் இடைவெளி சுமார் 15 கிலோமீட்டர்தான். அதற்குள் 6,000 அடி இறங்க வேண்டும். நம்ம வாய்க்காலில் நூறு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தாலே தண்ணீர் ஓடுகிறதே! மலையில் கொட்டும் மழை எவ்வளவு வேகமாக இறங்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் போகிறவர்கள் எதிரே தலையாறு அருவியைப் பார்த்திருப்பீர்கள். எலிவால் மாதிரி தொங்கும். ஒரே விழலில் 975 அடி. மஞ்சளாறு அணைக்கு வருவது அந்தத் தண்ணீர்தான்.

தெற்குச் சரிவில் விழும் மழை இப்படி வைகைக்கு வருகிறது. வடக்குச் சரிவில் விழுவது பழனிப் பக்கம் பாலாறு, பொருந்தலாறு, குதிரையாறாக இறங்கி, சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரியில் சேருகிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி ராமநாதபுரம் கண்மாயைப் பார்க்கப் போகிறது; அந்தப் பக்கம் விழுந்தது கரூரைப் பார்க்கப் போகிறது!

சரி, மழை விட்ட பிறகும் ஆற்றில் தண்ணீர் கசிகிறதே, அது எப்படி? மலை உச்சியில் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. சருகும் வேரும் மண்ணும் மழையைக் குடித்துவைத்து, மெல்ல மெல்ல விடும். அந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து, போன நூற்றாண்டில் வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டார்கள். வாட்டில் பட்டை தோல் பதனிட உதவியது, உண்மைதான். ஆனால் புல் போன இடத்தில் ஊற்றின் வரத்து குறைந்தது. கோடையில் அது அடிவாரத்துக் கிணற்றில்தான் தெரியும். 2013-இல் இந்த மலையின் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்நிய மரங்களை எடுத்துப் புல்லை மீட்கும் வேலையும் நடக்கிறது. மெதுவான வேலை, வெட்டிய இடத்தில் வாட்டில் மறுபடி முளைக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றோரம் இருப்பவர்கள் மலையையும் ஒரு கண் பாருங்கள். முகட்டில் கருமேகம் இறங்கினால் ஆயில் என்ஜினையும் குழாயையும் கரையேற்றிவிடுங்கள். ஆட்டை ஆற்றுக்குள் மேயவிடாதீர்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். துணி அலசுகிற பெண்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.