திரை சொன்ன போர்கள் – 9: ஊர் பெயர் இல்லாத கல்

சியாரா லியோனிலிருந்து லைபீரியாவுக்குச் சில ஆடுகளை ஓட்டிச் செல்கிறான் ஒருவன். எல்லையருகே படைவீரர்கள் மறித்துச் சோதிக்கிறார்கள். ஆடுகளின் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்த வைரங்கள் வெளியே வருகின்றன.

எட்வர்ட் ஸ்விக் இயக்கி 2006-ல் வெளிவந்த ‘பிளட் டைமண்ட்’ படத்தின் காட்சி இது. ஆடு ஓட்டியவன் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த டேனி ஆர்ச்சர். சென்ற வாரம் பார்த்த ருவாண்டாவில் பகையை மூட்டியது இனம். சியாரா லியோனில் உள்நாட்டுப் போரை எரிய வைத்த எண்ணெய், வைரம்.

ஏன் லைபீரியாவுக்கு? அங்கே போனால் கல்லுக்குப் புதிய ஊர் கிடைத்துவிடும். லைபீரியாவின் மண்ணில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் காரட்டுக்கு மேல் கிடைப்பதில்லை. ஆனால் 1994 முதல் 1998 வரை, லைபீரியாவிலிருந்து வந்தவை என்று பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் சந்தையில் பதிவான வைரங்கள் மூன்று கோடி காரட்டுக்கும் அதிகம். கணக்கு அங்கேயே உடைகிறது.

சியாரா லியோனின் கோனோ மாவட்டத்தில் வைரத்துக்காகப் பாதாளம் வரை சுரங்கம் வெட்ட வேண்டியதில்லை. ஆற்றுப்படுகைச் சரளையை அள்ளிச் சல்லடையில் அலசினால் போதும். மண்வெட்டி பிடிக்க ஆளும் காவலுக்குத் துப்பாக்கியும் இருந்தால், அந்தச் செல்வம் துப்பாக்கிக்காரனுக்கே. 1991 மார்ச்சில் லைபீரிய எல்லையைத் தாண்டி வந்த ஃபோடே சங்கோவின் புரட்சிகர ஐக்கிய முன்னணி என்ற கிளர்ச்சிப் படை செய்தது அதைத்தான். ஊர் ஊராகப் புகுந்தார்கள். 1996 தேர்தலின்போது, வாக்களிக்கும் கை இதுதானே என்று மக்களின் கைகளை வெட்டினார்கள்.

படத்தில் மீனவர் சாலமன் வாண்டியின் கையும் வெட்டுக்கட்டை மேல் வைக்கப்படுகிறது. உடற்கட்டைப் பார்த்த தளபதி, இவன் குழி தோண்ட உதவுவான் என்று தடுத்துவிடுகிறான். உழைக்கும் என்பதால் மட்டுமே அந்தக் கை தப்பியது. அவருடைய மகன் டியாவின் கதி இன்னும் கொடியது. போதை ஏற்றி, வேறு பெயர் சூட்டி, கையில் துப்பாக்கி கொடுக்கிறார்கள். கடைசியில் அந்தப் பிள்ளை அப்பாவையே குறிபார்த்து நிற்கிறான். சாலமனாக நடித்த ஜைமன் ஹோன்சு அழுதுகொண்டே மகனை அவனுடைய பழைய வாழ்வுக்கு அழைக்கும் அந்த இடம்தான் படத்தின் உயிர்.

ஆனால் சாகசக் கதைக்காகப் படம் ஒரு பெரிய இளஞ்சிவப்பு வைரத்தைத் துரத்துகிறது. அத்தகைய கல்லை உலகமே அடையாளம் காணும். உண்மையான போருக்குத் தீனி போட்டவை உள்ளங்கையில் அடங்கும் சிறு கற்கள். மற்ற கற்களோடு கலந்து பட்டை தீட்டிவிட்டால், எந்த ஆற்றில் எடுத்தது என்று சொல்ல யாராலும் ஆகாது.

1999 ஜூலையில் அரசுக்கும் சங்கோவின் முன்னணிக்கும் இடையே லோமே அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டின் கனிம வளங்களை நிர்வகிக்கும் ஆணையத்துக்குத் தலைவராகச் சங்கோவையே அமர்த்தினார்கள். திருடன் கையில் சாவி! அமைதி நிலைக்கவில்லை. 2002 ஜனவரியில் போர் முடிந்தபோது, மாண்டவர்கள் ஏறத்தாழ 50,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது. கிளர்ச்சியாளர்களுக்குத் துணைநின்ற லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-ல் 50 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அறுக்காத வைரங்களுக்குப் பிறப்புச் சான்று கேட்கும் கிம்பர்லி முறை 2003-ல் நடைமுறைக்கு வந்தது. அரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் கற்களை மட்டுமே அது தடுக்கிறது. அரசுப் படையே சுட்டால்? 2008-ல் ஜிம்பாப்வேயின் மராங்கே பகுதியில் வைரம் தோண்டியவர்களை அந்நாட்டுப் படையினர் கொன்றனர். அந்த வைரங்களின் ஏற்றுமதிக்கும் பின்னர் கிம்பர்லி அனுமதி கிடைத்தது. இம்முறை உருவாகப் பாடுபட்ட ‘குளோபல் விட்னஸ்’ அமைப்பே 2011-ல் அதிலிருந்து வெளியேறியது.

உலகின் பெரும்பாலான வைரங்கள் நம் சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகின்றன. எனவே இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்க முடியாது. நகைக் கடையில் காரட், நிறம், தெளிவு எல்லாம் கேட்கிறோம். இனி இன்னொன்றும் கேளுங்கள்: இந்தக் கல் எந்த ஊரில் பிறந்தது? பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

(தொடரும்)