திருமலைச் சரிவுகளில் மறுவளரும் காடு

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிச் செல்வோர் இருமருங்கிலும் காணும் காடு பெரும்பாலும் கோடரி படாத தொல்காடு அன்று. விறகுக்கும் கரிக்கும் பன்முறை வெட்டப்பட்டு, ஆடுமாடுகளால் மேயப்பட்டு, கோடைத் தீயில் கருகி, மீண்டும் தழைத்ததே அது. இத்தகைய காட்டைப் பாழ்காடு என ஒதுக்கும் வழக்கம் உண்டு. வனவிலங்குகளை நோக்குமிடத்து இவ்வழக்கம் பெரும் பிழையாகும்.

திருமலையை உள்ளடக்கிய சேஷாசலக் குன்றுகள் இலையுதிர் வறண்ட காட்டைச் சேர்ந்தவை. இங்குக் காடு மீளும் முறை மழைக்காட்டினின்று வேறானது. மழைக்காட்டில் பறவையும் வௌவாலும் கொணரும் விதையே முதன்மையானது. இங்கோ வெட்டுண்ட அடிக்கட்டையிலிருந்து எழும் மறுதாம்பே பெரும்பணி புரிகின்றது. உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் இதற்குத் தக்க சான்று. மரம் வீழ்ந்தாலும் மண்ணுள் வேர் உயிரோடிருப்பின், அடுத்த மழையில் பல கிளைத்தண்டுகள் ஒருங்கே கிளம்புகின்றன. ஆயின் வயிரம் பாய்ந்த செம்மரமாக அவை முதிரப் பல பத்தாண்டுகள் செல்லும்; திருட்டு வெட்டு அதுவரை பொறுப்பதில்லை.

தழைக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் இக்காடு அடர்ந்த புதராகின்றது. மரவணிகனுக்கு இது பயனற்றது; தேவாங்குக்கோ இதுவே வீடு. கிளையோடு கிளை பின்னிய புதரில்தான் அது இரவில் பூச்சி தேடி மெல்ல நகரவியலும். கரடி கறையானையும் கனியையும் நாடி இங்கு வருகின்றது. நாற்கொம்பு மானும் கடமானும் மறைவு பெறுகின்றன.

எனினும் அனைத்தும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களின் மறுவளர்ச்சிக் காடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, மண்ணின் வளம் 10 ஆண்டுகளுக்குள்ளும், மரவகைகளின் எண்ணிக்கை 25 முதல் 60 ஆண்டுகளிலும் பெரிதும் மீள்வதாகக் கண்டது. எந்தெந்த மரங்கள் அங்கு முன்பு நின்றனவோ அதே சேர்க்கை மீள 120 ஆண்டுகளுக்கு மேலாகும். பொந்துள்ள முதுமரத்தை இளங்காடு அளிக்கவியலாது. தலகோனா போன்ற ஈரப் பள்ளத்தாக்குகளின் பழங்காட்டுக்கு மறுவளர்ச்சிக் காடு ஈடாகாது; அதைச் சூழ்ந்த போர்வையாகவே அது மதிக்கத்தக்கது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. இதே மலைத்தொடருக்கு வடக்கே கடப்பை மாவட்டத்தில், 1900க்குப் பின் அழிந்ததெனக் கருதப்பட்ட ஜெர்டான் கோர்சர் என்னும் பறவை 1986இல் மீண்டும் காணப்பட்டது. அது வாழ்வது முட்புதர்கள் இடைவெளிவிட்டு நிற்கும் திறந்த நிலத்தில். அங்கு நெருக்கமாக மரம் நடுவது அதற்குக் கேடே. நன்னோக்குடன் நடப்படும் கன்றும் சில இடங்களில் தீங்கிழைக்கலாம்.

விலங்கு திரும்பும் இடத்தில் மனிதரும் நடமாடுகின்றனர் என்பதை மறத்தலாகாது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் பிற்பகலில் சிறுவர் அப்பாதையில் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. நடப்போருக்குக் கைத்தடியும் வழங்கப்பட்டது. கைத்தடியினும் பயன் தருவது, பாதையோரத்தில் உணவுக் கழிவு கிடவாமல் காத்தலே எனலாம். கழிவு நாயையும் பன்றியையும் ஈர்க்கும். அவற்றைத் தொடர்ந்து சிறுத்தை வரும்.

களப்பணியாளர் முதலில் தடுக்கவேண்டியது தீ. 2014 மார்ச்சில் திருமலைக் காட்டுத்தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்களை அழைக்க நேர்ந்தது. ஒருமுறை எரிந்த மறுதாம்பு மீளத் துளிர்க்கும். ஆண்டுதோறும் எரியின் வேரின் சேமிப்பு தீர்ந்து மரம் மடியும். அடுத்தது ஆட்டு மேய்ச்சல்: குருத்து ஆட்டின் வாய்க்கு எட்டா உயரம் அடையும்வரை அவ்விடத்தை மூடிவைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் தம் ஊர்ப்புறத்தில் வெட்டுண்ட அடிக்கட்டை ஒன்றைத் தேர்ந்து, மாணவரைக் கொண்டு மழைக்கு முன்னும் பின்னும் குருத்துகளை எண்ணிக் குறிக்கச் செய்யலாம். வேலியிட்ட கட்டையும் வேலியிடாத கட்டையும் அருகருகே இருப்பின் ஒப்புநோக்க எளிது.