வாடைக் காலத்தில் துறைமுகத்துக்குள் மீன் எப்படி வருது?

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "கார்த்திகை, மார்கழியில மார்க்கெட்ல கடல் மீன் வரத்து குறைஞ்சு போகுது, விலை ஏறுது. ஆனா தூத்துக்குடி பக்கம் போனா அப்பத்தான் கல்லோரத்துல தூண்டில் போடுற ஆளுங்க நிறைய நிக்கிறாங்க. கடல்ல இல்லாத மீன் கரையில எங்கேருந்து வருது?"

நல்ல கேள்வி. இன்னைக்கு முழுக்க இதைத்தான் பேசப் போறேன். 1986 வரைக்கும் தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான், அதனால நம்ம துறைமுகம்னே சொல்லிக்கிறேன்.

முதல்ல ஒண்ணைத் திருத்திக்கணும். கடல்ல மீன் இல்லாம இல்லை, படகு போக முடியலை, அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகை நிறுத்துறது சட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிறுத்துறது காற்று. நம்ம கடற்கரை கிழக்கைப் பார்த்து இருக்கு, வாடை வடகிழக்கில் இருந்து நேரா மூஞ்சியிலேயே அடிக்கும். வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்தா மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காது. டோக்கன் இல்லாம படகு கிளம்பாது. சில வாரம் மூணு நாள்கூட தொழிலுக்குப் போக முடியாது. அரசாங்கமே இதுக்கு மீன்பிடி குறைந்த காலம்னு பேர் வெச்சு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. மூணு மாசத்துக்கு அந்தக் காசு எவ்வளவு தூரம் வரும்னு உங்களுக்கே தெரியும். அதனால கல்லோரத்துல நிக்கிற எல்லாரும் பொழுதுபோக்குக்கு நிக்கலை. பாதிப் பேர் அன்னைய குழம்புக்கு நிக்கிறாங்க.

சரி, மீன் ஏன் உள்ளே வருது? எங்க மாமா புன்னைக்காயல்காரர். அவர் சொல்ற விளக்கம் ரொம்பச் சுருக்கம்: "மழை பெஞ்சா நீ எங்க ஒதுங்குவ மருமவனே? திண்ணையிலதானே? மீனுக்குத் துறைமுகம் திண்ணை." முக்கால்வாசி சரிதான். புதுத் துறைமுகத்தோட அலைத்தடுப்புச் சுவர் ரெண்டும் ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். வெளியே அலை கொந்தளிக்கும்போது உள்ளே தண்ணி குளம் மாதிரி கிடக்கும். சின்ன மீனுக்கு அலையோட மல்லுக்கட்டுற வேலை மிச்சம். கல் இடுக்குல பாசி, சிப்பி, நண்டுக் குஞ்சு எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது சாப்பாடு. சின்னது வந்தா அதைத் தின்ன பெருசும் பின்னாலயே வரும்.

மீதிக் கால்வாசி நம்ம ஆறு. தாமிரபரணியில வருஷம் முழுக்கத் தண்ணி ஓடினாலும், ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி புன்னைக்காயல் முகத்துவாரம் வரைக்கும் நல்ல வேகத்தோட போறது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையிலதான். அந்தக் கலங்கல் தண்ணி கடல்ல கலக்கும்போது உப்பு குறையும், சத்து சேரும். கழிமுகத்துல வளர்ந்த வெள்ளை இறால் வெள்ளத்தோட கடலுக்கு இறங்கும். முட்டை நிறைஞ்ச மடவையும் அப்பத்தான் கடலைப் பார்த்துப் போகும். கொடுவா இதுக்காகவே காத்துக்கிட்டு இருக்கும். உப்பு குறைஞ்சா தாங்காத மீன் விலகிப் போகும். மடவைக்கும் கொடுவாவுக்கும் அந்தக் கவலை இல்லை. ஆனா எதுக்கும் ஒரு அளவு இருக்கு. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழை. அந்த மாதிரி வெள்ளத்துல மீனைப் பத்திப் பேச யாருக்கும் வாய் வராது.

இப்ப பிடிக்கிற விஷயம். நம்ம ஆளுங்க நிறையப் பேர் கம்பு வெச்சுக்கிறதில்லை, கைத்தூண்டில்தான். தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, முள், அவ்வளவுதான் முதலீடு. பிளாஸ்டிக் பாட்டில்ல சுத்தி வெச்சிருப்பாங்க. குளிர்காலத்துக்குக் கிழங்கான்தான் என் முதல் தேர்வு. அது மணல் தரையில மேயுற மீன், சின்ன வாய். அதனால சின்ன முள் போட்டு, இறாலைச் சின்னத் துண்டா நறுக்கிக் கோர்த்து, ஈயம் தரையைத் தொடுற மாதிரி விடணும். இழுத்ததும் வெடுக்குன்னு சுண்டக் கூடாது, வாய் மெல்லிசு, கிழிஞ்சு போயிடும். மடவைக்கு இறால் போட்டுட்டு நாள் முழுக்க நின்னாலும் பிரயோஜனம் குறைவு. அது பாசியும் சேறும் தின்கிற மீன். மைதா மாவு உருண்டைக்கு வரும், இல்லேன்னா வீச்சு வலைதான். வலையில ஏதாவது கடல் குதிரை மாட்டினா உடனே தண்ணியில விட்டுடுங்க. அது வனவிலங்குச் சட்டத்துல இருக்கிற உயிர், வீட்டுக்குக் கொண்டு போனா வழக்கு.

நேரம்? தூத்துக்குடியில ஏத்தவத்தம் ரொம்பக் கம்மி, ஒரு மீட்டர்கூட வராது. ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீவாடு, அதாவது நீரோட்டம், கொஞ்சம் வேகமா இருக்கும். தண்ணி ஏறித் திரும்புற அந்த நேரமும் விடியக்காலையும் சேர்ந்து வந்தா நல்லது. மழை விட்ட மறுநாள் தண்ணி செம்மண் நிறத்துல இருந்தா நான் போறதில்லை. ரெண்டு நாள் கழிச்சு, தெளியத் தொடங்குறப்போ போவேன்.

ஓரா மீன் மாட்டினா கவனம். முதுகு முள் எல்லாத்துலயும் விஷம். குத்தினா கை பூரா கடுக்கும். தாங்குற அளவு சுடுதண்ணியில கையை வெச்சா வலி இறங்கும், வீக்கம் அதிகமானா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். கெளுத்தி முள்ளும் அப்படித்தான். பேத்தை மாட்டினா சமைக்கிற யோசனையே வேண்டாம், அந்த விஷம் கொதிக்க வெச்சாலும் போகாது.

இதைவிடப் பெரிய ஆபத்து கல்லுதான். பாசி பிடிச்ச கல், மேல மழை, பக்கவாட்டுல காத்து. போன வருஷம் மார்கழியில நான் ஒரு நல்ல கிழங்கானை இழுக்கிற அவசரத்துல ரெண்டு கல் கீழ இறங்கிட்டேன். ஒரு அலை இடுப்பு வரைக்கும் வந்து திரும்பிச்சு. அலை திரும்புறப்போதான் அது ஆளை இழுக்கும், வர்றப்போ இல்லை. மாமா சட்டைக் காலரைப் பிடிச்சிருந்தார். வாயைத் திறக்கலை, தூண்டிலைச் சுத்தி எடுத்துக்கிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். சாயங்காலம்தான் கேட்டார்: "கூண்டு பார்த்தியா?"

பார்க்கலை. துறைமுகத்துல ஏத்துற புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் கேட்டார். மொத்தம் 11 எண். ஒண்ணுன்னா தூரத்துக் கடல்ல காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கு, துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பு இல்லைன்னு அர்த்தம். மூணுன்னா துறைமுகத்துக்கே பலத்த காத்து வர வாய்ப்பு. அன்னைக்கு மூணு ஏத்தியிருந்தாங்க. படகுக்காரங்களுக்கு மட்டும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப மூணு ஏறினா நானும் கல்லுக்குப் போறதில்லை.

இன்னொண்ணு, வ.உ.சி. துறைமுகத்தோட உள் பகுதிக்கு அனுமதி இல்லாம போக முடியாது, காவல் உண்டு. முயல் தீவுப் பக்கம், மீன்பிடித் துறைமுகம் பக்கம்னு ஜனங்க நிக்கிற இடத்துலயே நில்லுங்க. அங்கே போனா முதல்ல யாரோட இடம்னு கேட்டுட்டு தூண்டில் போடுங்க. தினம் வர்றவருக்கு அதுதான் அன்னைய வருமானம்.

தை பாதிக்கு மேல வாடை தணியும். டோக்கன் கிடைக்கும், படகு கிளம்பும், கல்லோரத்துல ஆள் குறையும். போன தையில மாமாவும் படகுக்குப் போயிட்டார். தங்கூசி சுத்தின பாட்டில் எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு. ஐப்பசியில எடுப்பார்.