உயிரைக் காத்த ஊசி காதை அடைத்தது ஏன்?

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால், ஏறும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். நடுநடுவே "அரோகரா!" என்ற முழக்கம்.

படி ஓரத்தில் பூ விற்கும் ஒரு பாட்டிக்கு இது எதுவும் கேட்காது. விலை கேட்டால் விரலைக் காட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள், அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. நாம் கேட்டதை அவள் கையசைத்துச் சொன்னாள். பாட்டி சிரித்தார்.

"பதினாறு வயசுல க்ஷயம், தம்பி. தினம் ஊசி போட்டாங்க. இருமல் நின்னுது. காதும் நின்னுது."

ஊசியின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் காசநோய்க்கு ஊசி என்றால் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசின்தான். 1943ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த மருந்து அது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள். அதற்கு முன்பு காசநோய்க் கிருமியைக் கொல்ல உருப்படியான மருந்தே இல்லை.

உயிரைக் காத்த அதே மருந்து, சிலருடைய காதை மட்டும் ஏன் கெடுத்தது?

செல்லுக்குள் படிக்கட்டு

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. தசை வளரவும், சாப்பாடு செரிக்கவும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவும் புரதம் வேண்டும். செல்லுக்குள் அதைச் செய்யும் யந்திரத்தின் பெயர் ரைபோசோம். கண்ணுக்குத் தெரியாத இந்த யந்திரம், ஆர்.என்.ஏ.வும் புரதமும் பின்னிப் பிணைந்து உருவானது. ஆர்.என்.ஏ. என்பது, எழுத்துக்களைக் கோர்த்த நூல் மாதிரி ஒரு பொருள்.

எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற உத்தரவும் இன்னொரு ஆர்.என்.ஏ. நூலாகத்தான் வருகிறது. அந்த நூலை ஒரு படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு படி. ரைபோசோம் படிப்படியாக ஏறும். படிக்கு ஒரு அமினோ அமிலம் என்று, பூத் தொடுப்பதுபோல் சேர்த்துக்கொண்டே போகும். உச்சியை அடைந்ததும் புரதம் தயார்!

கிருமியின் ரைபோசோம் விநாடிக்கு 15 முதல் 20 படி ஏறும். நாம் மூச்சு வாங்க ஏறும் திருத்தணிப் படிகளை, அது அரை நிமிஷத்துக்குள் முடித்துவிடும்.

இந்த யந்திரத்தின் அமைப்பைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர், 1952ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் கற்பதற்காக மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தவர்! 2000ம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவருடைய குழுவினர், கிருமி ரைபோசோமின் சிறிய பாதியை அணு அணுவாக வரைந்து காட்டினார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதும் அதில் தெரிந்தது. 2009ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து ஒட்டிக்கொண்டால், ரைபோசோம் எழுத்துக்களைத் தப்பாகப் படிக்கும். தப்பான புரதங்கள் குவியும். கிருமி சாகும். நம் செல்லின் ரைபோசோம் வேறு அமைப்பு. அதனால் நாம் தப்பிக்கிறோம்.

ஒரே ஒரு எழுத்து

ஆனால் நமக்குள் இன்னொரு ரைபோசோமும் இருக்கிறது. செல்லுக்குச் சக்தி தருவது மைட்டோகாண்டிரியா. வெகுகாலத்துக்கு முன்பு தனியாக வாழ்ந்த நுண்ணுயிரின் வாரிசு அது. ஆகவே அதன் ரைபோசோமுக்குக் கிருமியின் சாயல் உண்டு.

1993ல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். மைட்டோகாண்டிரியாவின் பரம்பரை எழுத்துக்களில் 1555வது எழுத்து சிலருக்கு மாறியிருக்கிறது. ‘ஏ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜி’. இந்த ஒரு எழுத்து மாறினால், ரைபோசோமின் ஆர்.என்.ஏ. கிருமியுடையதைப்போல் இன்னும் நெருக்கமாகிவிடும். மருந்து அங்கேயும் ஒட்டிக்கொள்ளும். உள்காதில் ஒலியை உணரும் மெல்லிய செல்கள் மடியும். மடிந்தவை மறுபடி முளைப்பதில்லை.

இந்த மாற்றம் தாய் வழியாகத்தான் வரும். தகப்பன் வழியாக வராது. மகனுக்கும் இருக்கலாம், ஆனால் அவன் பிள்ளைகளுக்குப் போகாது.

ஊசியால் காது போனவர்கள் எல்லோருக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. மருந்து அதிகமானாலும், நாள் நீண்டாலும், சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் காது கெடலாம். பாட்டி விஷயத்தில் எது காரணம் என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

ஸ்ட்ரெப்டோமைசின் இன்று குறைந்துவிட்டது. ஆனால் அதன் சொந்தக்காரர்களான ஜென்டாமைசினும் அமிகாசினும் ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. கிருமி தாக்கிய பச்சைக் குழந்தைகளின் உயிரைக் காப்பவை அவை. பயந்து ஊசியே வேண்டாம் என்று ஓடக் கூடாது. தாய்வழியில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது போயிருந்தால், டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். பல சமயம் வேறு மருந்து கொடுக்க முடியும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில், குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்து, அந்த ஒரு எழுத்தை அரைமணிக்குள் பார்த்துவிடும் சோதனையை நடத்தினார்கள். அதன் முடிவு 2022ல் வெளிவந்தது.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னோம். பாட்டியின் கூடப்பிறந்தவர்களைப் பற்றியும் விசாரித்தோம். அவள் கையசைத்துக் கேட்டாள். பாட்டி கொஞ்சம் யோசித்தார்.

"எங்க அக்கா ஒருத்தி. பிரசவத்துல ஜுரம் வந்து ஊசி போட்டாங்க. அவளுக்கும் அப்புறம் கேக்கல."

பூத் தொடுத்த கை நின்றது. "சார், அந்த மருந்துப் பேரெல்லாம் மெதுவா சொல்லுங்க" என்றபடி, பேத்தி பூக்கணக்கு நோட்டை எடுத்தாள். ஸ்ட்ரெப்டோமைசின்... ஜென்டாமைசின்... அமிகாசின்... ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள்.